குருவுக்கும் ஒரு குரு: சாரண இயக்கத்தின் பயிற்சியாளர்கள்

நம் வீடுகளில் எந்த நல்ல காரியத்தை ஆரம்பித்தாலும் குருவை நினைத்துக்கொள்வது வழக்கம். நம் சம்பிரதாயத்தில் குரு வந்தனம் குருவோடு நின்றுவிடுவதில்லை. குருவுக்குக் குருவான பரமகுரு, அவருக்கும் குருவான பரமேஷ்டி குரு என்று படிப்படியாக மேலே சென்று நமஸ்காரம் செய்கிறோம். நமக்குக் கிடைத்த வித்தை நம் ஆசானோடு பிறந்ததல்ல, அவருக்கும் ஒருவர் கொடுத்தார் என்ற நன்றியுணர்வு இதில் இருக்கிறது.

லௌகிக வாழ்க்கையில் மட்டும் இந்த வழக்கத்தை நாம் ஏனோ கைவிட்டுவிட்டோம். பையன் பரிசு வாங்கினால் பையனைப் பாராட்டுகிறோம். கொஞ்சம் யோசிப்பவர்கள் வாத்தியாரையும் பாராட்டுவார்கள். அந்த வாத்தியாருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேட்பவர்கள் அபூர்வம்.

இதற்கு ஓர் உதாரணமாகச் சாரணர் இயக்கத்தை, அதாவது ஸ்கவுட் இயக்கத்தை, எடுத்துக்கொள்கிறேன். நம் அங்கத்தினர்களில் பலர் ரயில்வே காலனிப் பள்ளிகளிலும் கேந்திரீய வித்யாலயங்களிலும் காக்கி உடையும் கழுத்தில் ஸ்கார்ஃபும் அணிந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்குத் தங்கள் ஸ்கவுட் மாஸ்டரை நிச்சயம் நினைவிருக்கும். அந்த ஸ்கவுட் மாஸ்டரைக் காட்டில் ஒரு கூடாரத்தில் தங்கவைத்து, பையனைப் போல விறகு பொறுக்க வைத்து, அவருக்கும் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்த ஒருவர் இருந்தார். அவரும் சம்பளம் வாங்காத தொண்டர்தான். அந்த மூன்றாவது மனிதரின் சரித்திரத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பையன்கள் வந்தார்கள், பெரியவர்கள் இல்லை

1907 ஆகஸ்ட் 1 முதல் 8 வரை இங்கிலாந்தின் தென்கரையோரம் உள்ள ப்ரௌன்ஸீ என்ற சிறு தீவில் ராணுவ அதிகாரி பேடன் பவல் ஒரு சோதனை முகாம் நடத்தினார். தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் நகரம் 217 நாட்கள் முற்றுகையிடப்பட்டபோது அதைக் காத்துப் புகழ் பெற்றவர் அவர். வசதியான பள்ளி மாணவர்களையும் தொழிலாளர் வீட்டுப் பையன்களையும் கலந்து இருபது பேர் அளவில் சேர்த்துக்கொண்டு, சிறு சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் அவர்களிலேயே ஒரு பையனைத் தலைவனாக்கினார். அடுத்த ஆண்டு, 1908ல், 'ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்' என்ற அவருடைய புத்தகம் ஆறு பகுதிகளாக, இரண்டு வாரத்துக்கு ஒன்று வீதம் வெளிவந்தது.

அதன்பின் நடந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை. பையன்கள் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டுத் தாங்களே அணி சேர்ந்துகொண்டார்கள். 1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் கூடிய சாரணர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். இத்தனை பையன்களையும் பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் வேண்டுமே! பாதிரியார், கடைக்காரர், குமாஸ்தா என்று யார் யாரோ முன்வந்தார்கள். எல்லோருக்கும் நல்ல எண்ணம் இருந்தது. ஆனால் பலருக்கு டிரில் ஒன்றுதான் தெரியும். பட்டாளத்து ஹவில்தார் போலப் பையன்களை வரிசையில் நிறுத்தி லெஃப்ட், ரைட் சொன்னார்கள். பையன்களிடம் பொறுப்பை ஒப்படைத்து அவர்களே கற்றுக்கொள்ளும்படி செய்வது என்ற அடிப்படைக் கருத்து பறிபோகும் நிலை உண்டாயிற்று.

பேடன் பவலுக்கு இது புரிந்தது. பையன்களுக்குப் புத்தகம் எழுதியது போதாது, பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கருதினார். சொற்பொழிவுகளும் சில வகுப்புகளும் நடத்திப் பார்த்தார். அதற்குள் 1914ல் உலகப்போர் வந்து பல ஸ்கவுட் மாஸ்டர்களைப் போர்முனைக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. பலர் திரும்பவில்லை.

கில்வெல்

போர் முடிந்ததும் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் டு புவா மக்லாரன் என்ற வியாபாரி உதவிக்கு வந்தார். அவரே சாரண இயக்கத்தில் மாவட்டப் பொறுப்பில் இருந்தவர். லண்டன் கிழக்குப் பகுதி ஏழைப் பையன்கள் முகாமிட ஓர் இடம் வாங்கித் தர வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கேயே ஸ்கவுட் மாஸ்டர்களுக்குப் பயிற்சியும் நடக்கட்டும் என்று பேடன் பவல் கேட்டுக்கொண்டார். எப்பிங் காட்டின் ஓரத்தில் கில்வெல் பார்க் என்ற பாழடைந்த பண்ணை 7,000 பவுனுக்கு வாங்கப்பட்டது. 1919 ஏப்ரலில் ஈஸ்டர் விடுமுறையில் புதர் வெட்டிச் சுத்தம் செய்ய வந்த இளைஞர்கள் தங்க இடமில்லாமல் ஒரு பழைய தோட்டக் கொட்டகையில் படுத்தார்கள். அதற்குப் 'பன்றிக் கொட்டில்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உலகப் புகழ் பெற்ற பயிற்சிக் கேந்திரத்தின் ஆரம்பம் அவ்வளவுதான்.

1919 ஜூலை 26 அன்று திறப்பு விழா. செப்டம்பர் 8 முதல் 19 வரை முதல் பயிற்சி முகாம். வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. அவர்களுக்குப் பாடம் நடத்தியவர் ஃபிரான்சிஸ் கிட்னி என்ற முப்பது வயதுகூட நிரம்பாத இளைஞர். அவர்தான் கில்வெல்லின் முதல் கேம்ப் சீஃப். அவர் கையாண்ட முறை எளியது. பெரியவர்களை அணிகளாகப் பிரித்து, பையன்கள் எப்படி வாழ வேண்டுமோ அப்படியே பதினோரு நாள் வாழவைத்தார். சாரணனாக இருந்து பார்க்காதவன் சாரணனுக்கு வழிகாட்ட முடியாது என்பது அதன் சாரம். நூறாண்டுகளுக்கு மேலாகியும் உலகம் எங்கும் இதே முறைதான் அடிப்படையாக இருக்கிறது.

கிட்னி 1923ல் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். 1928ல், நாற்பது வயதை எட்டும் முன்பே காலமானார். பேடன் பவலின் பெயர் தெரியாத பள்ளிக்கூடம் இல்லை. கிட்னியின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? முதல் பயிற்சியாளருக்கே இந்தக் கதி என்றால் பின்னால் வந்தவர்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டு மரமணிகள்

பயிற்சி முடித்தவர்களுக்குச் சான்றிதழோடு ஓர் அடையாளமும் கொடுக்க வேண்டும் என்று பேடன் பவல் நினைத்தார். தென்னாப்பிரிக்காவில் 1888ல் ஜூலு மன்னர் டினிஜூலுவுக்கு எதிரான படை நடவடிக்கையின்போது அவர் கைக்கு வந்த ஒரு நீண்ட மரமணி மாலை அவரிடம் இருந்தது. அது எப்படி அவரிடம் வந்தது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அரசகுலத்தின் கௌரவச் சின்னம் ஓர் அந்நிய அதிகாரியிடம் போனது ஜூலு மக்களுக்குச் சந்தோஷமான விஷயமாக இருந்திருக்க முடியாது. அந்த மாலையிலிருந்து மணிகளைப் பிரித்துத் தோல் கயிற்றில் கோத்து, முதல் முகாமில் தேறியவர்களுக்கு அவர் அளித்தார். இதுவே 'வுட் பேட்ஜ்' என்ற மரமணிச் சின்னம். இப்போது கிடைப்பவை அதே மாதிரியில் செய்த மணிகள்.

இந்த மணிகளின் கணக்கு சுவாரசியமானது. பயிற்சியை முழுதும் முடித்த ஸ்கவுட் மாஸ்டருக்கு இரண்டு மணிகள். அவருக்குப் பயிற்சி தரும் குழுவில் உதவிப் பயிற்சியாளர் ஆனால் மூன்று. முழுப் பயிற்சியாளர் ஆனால் நான்கு. பேடன் பவல் தம் உற்ற துணைவரான பெர்ஸி எவரெட் என்பவருக்கு ஆறு மணிகள் கொண்ட சரம் ஒன்றைக் கொடுத்திருந்தார். எவரெட் அதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை. 1949ல் கில்வெல்லின் அன்றைய கேம்ப் சீஃப் ஜான் தர்மனிடம் கொடுத்து, இனி அந்தப் பொறுப்பில் வருபவர்கள் ஒருவர் பின் ஒருவராக இதை அணியட்டும் என்றார். பட்டத்துக்கு வரும் மடாதிபதி முந்தையவரின் ருத்ராக்ஷத்தை அணிவது போன்ற ஏற்பாடு என்று நமக்குத் தோன்றலாம்.

மணிகளோடு இளஞ்சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்கார்ஃப். அதன் முனையில் மக்லாரன் குடும்பத்துக் கட்டம் போட்ட துணி ஒரு துண்டு தைத்திருக்கும். இடம் வாங்கிக் கொடுத்தவரை மறக்கக் கூடாது என்பதற்காக. நன்றி சொல்வது எப்படி என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மக்லாரன் 1921ல் மறைந்தார். அவர் குடும்பத்துத் துணி இன்றும் தேச தேசாந்தரங்களில் கழுத்துகளில் தொங்குகிறது.

பெண்களுக்கான கைட் இயக்கமும் பின்தங்கவில்லை. 1922 முதல் இங்கிலாந்தின் ஃபாக்ஸ்லீஸ் என்ற இடம் கைட் தலைவிகளின் பயிற்சி நிலையமாயிற்று.

கல்கத்தாவிலிருந்து கில்வெல்லுக்கு

கிட்னிக்குப் பிறகு கில்வெல்லை நடத்தியவர் இந்தியாவோடு நேரடித் தொடர்பு உள்ளவர். ஜே.எஸ். வில்சன் கல்கத்தா போலீஸில் உயர் அதிகாரியாக இருந்தவர். 1917 வாக்கில் கல்கத்தாவில் சாரணப் பணியில் இறங்கினார். விடுமுறையில் இங்கிலாந்து சென்றபோது கில்வெல்லில் பயிற்சி பெற்றார். வேலையிலிருந்து விலகி 1923ல் கேம்ப் சீஃப் ஆகி, 1943 வரை இருபது ஆண்டுகள் அந்தப் பொறுப்பை வகித்தார். பல நாடுகளிலிருந்து வந்தவர்களைப் பயிற்சியாளர்களாக்கி, அவரவர் ஊரில் கில்வெல் முறையை நடத்த அனுப்பியவர் அவர். அதாவது, ஸ்கவுட் மாஸ்டரைத் தயார் செய்ததோடு, ஸ்கவுட் மாஸ்டரைத் தயார் செய்பவரையும் தயார் செய்தார். நம் பாஷையில் பரமகுரு.

தடையைத் தாண்டி

இனி நம் தேசத்துக் கதை. இந்தியாவில் முதல் சாரணர் குழு 1909ல் பெங்களூரில் கேப்டன் டி.எச். பேக்கர் என்பவரால் ஆரம்பிக்கப்பட்டது. ஆனால் அது ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியப் பையன்களுக்கு மட்டுமே. இந்தியப் பையன்களைச் சேர்த்துக்கொள்ள அரசு சம்மதிக்கவில்லை. தடம் பார்த்துப் போகவும், சங்கேதம் அனுப்பவும், அணி சேர்ந்து செயல்படவும் இந்திய இளைஞர்கள் கற்றுக்கொண்டால் அது எங்கே போய் முடியுமோ என்ற பயம்.

ஆகவே நம்மவர்கள் தாங்களே ஆரம்பித்தார்கள். 1913ல் ஐக்கிய மாகாணத்தின் ஷாஜஹான்பூரில் பண்டித ஸ்ரீராம் பாஜ்பாய் ஒரு குழுவைத் தொடங்கினார். மத்திய மாகாணத்தில் பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியான விவியன் போஸ் முயற்சி எடுத்தார். 1916ல் சென்னையில் அன்னி பெஸன்ட் அம்மையார் ஜி.எஸ். அருண்டேலுடன் சேர்ந்து இந்திய பாய் ஸ்கவுட்ஸ் அசோசியேஷனை ஸ்தாபித்தார். அருண்டேல் என்றால் நம்மில் பலருக்கு உடனே கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவியின் கணவர் என்பது நினைவுக்கு வரும். மறு வருஷமே ஹோம் ரூல் கிளர்ச்சிக்காக அம்மையாரும் அருண்டேலும் உதகையில் காவலில் வைக்கப்பட்டார்கள். அரசின் பயம் எப்படிப்பட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

1918ல் அலகாபாத்தில் பண்டித மதன் மோகன் மாளவியா, பண்டித ஹ்ருதயநாத் குன்ஸ்ரு, பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தை அமைத்தார்கள். குன்ஸ்ரு, கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்தவர். கோகலேக்குப் பின் அச்சங்கத்தின் தலைவராக இருந்தவர் நம் வலங்கைமான் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார். சேவா சமிதி சாரணர்கள் கும்பமேளாக் கூட்டத்தில் வழி தவறியவர்களைச் சேர்ப்பிப்பது, முதலுதவி செய்வது போன்ற பணிகளில் நல்ல பெயர் எடுத்தார்கள்.

இந்தக் குழுக்களின் நிலையை வாசகர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அதிகாரபூர்வ இயக்கத்தில் அவர்களுக்கு இடமில்லை. வழிகாட்ட அனுபவசாலி யாருமில்லை. ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு பெரியவர்கள் முதலில் தாங்கள் கற்று, பிறகு மற்ற பெரியவர்களுக்குக் கற்பித்து, அதன் பிறகே பையன்களிடம் போக வேண்டியிருந்தது. ஏகலைவன் துரோணரின் பிரதிமையை வைத்துக்கொண்டு வில் பழகினான் அல்லவா? ஏறக்குறைய அந்த நிலைதான். பயிற்சியாளர் என்பவர் எவ்வளவு அவசியம் என்பது, அவர் இல்லாதபோது பட்ட சிரமத்தில்தான் விளங்கும்.

1921ல் பேடன் பவல் தம்பதியர் இந்தியா வந்தார்கள். கல்கத்தாவின் ஆல்ஃப்ரெட் பிக்ஃபர்ட் போன்ற நல்லெண்ணம் கொண்ட ஆங்கிலேயர்கள் தடையை நீக்க ஏற்கெனவே வாதாடி வந்தார்கள். பெஸன்ட் அம்மையாரின் சங்கம் உள்பட பல சங்கங்கள் ஒன்றாக இணைந்தன. சேவா சமிதி மட்டும் தனித்து நின்றது. 1937ல் டெல்லியில் நடந்த அகில இந்திய ஜாம்போரிக்கு வந்த பேடன் பவல், இந்தியர்களின் குணநலன் பற்றி வெளியிட்ட கருத்துகள் பலரைப் புண்படுத்தின. அதன் விளைவாக 1938ல் ஹிந்துஸ்தான் ஸ்கவுட் அசோசியேஷன் உருவாயிற்று. ஓர் இயக்கத்தின் நல்ல அம்சத்தை எடுத்துக்கொண்டு, அதை ஆரம்பித்தவரின் தவறான கருத்தை மறுக்க நம்மவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பச்மடி

சுதந்திரத்துக்குப் பிறகு பண்டித நேரு, மௌலானா ஆசாத் ஆகியோரின் முயற்சியால் 1950 நவம்பர் 7 அன்று பாரத ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் பிறந்தது. 1951 ஆகஸ்ட் 15 அன்று கைட் சங்கமும் வந்து சேர்ந்தது. ஆண், பெண் இருபாலாருக்கும் ஒரே அமைப்பு என்பது அன்றைய உலகில் அதிகம் இல்லாத ஏற்பாடு. குன்ஸ்ருவும் தேசிய ஆணையராகப் பணியாற்றினார்.

சண்டையிட்டுப் பிரிந்திருந்த சங்கங்கள் காகிதத்தில் ஒன்றாகிவிட்டன. நடைமுறையில் ஒன்றாவது எப்படி? ஒவ்வொரு சங்கத்துக்கும் தனி உடை, தனிப் பழக்கம், தனிப் பெருமை. அரசுப் பணியில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இலாகாக்களை இணைப்பது எவ்வளவு சிரமம் என்று தெரியும். இங்கே அந்தக் கடினமான வேலை பயிற்சி முகாம்களில்தான் நடந்திருக்க வேண்டும். வெவ்வேறு சங்கத்திலிருந்து வந்த பெரியவர்கள் ஒரே அணியில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டால் பழைய பேதம் எத்தனை நாள் நிற்கும்?

1956ல் மத்தியப் பிரதேசத்தின் சாத்பூரா மலையில், பச்மடியில், தேசியப் பயிற்சி நிலையம் அமைந்தது. இட்டார்ஸி-ஜபல்பூர் பாதையில் பிபரியா ஸ்டேஷனில் இறங்கி ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மலையேற வேண்டும். சால மரங்களும் அருவிகளும் பாறைக் குகைகளும் நிறைந்த இடம். மௌக்லி கதை நடப்பதாகச் சொல்லப்படும் சிவனி மாவட்டமும் அந்தப் பிராந்தியத்தில்தான் இருக்கிறது. இளஞ்சாரணர்களான 'கப்' பிள்ளைகளின் விளையாட்டுகள் எல்லாம் அக்கதையை வைத்து அமைந்தவை என்பதால் இது நல்ல பொருத்தம். இங்கே வழங்கப்படும் உயர்நிலைத் தகுதிக்கு 'ஹிமாலயா வுட் பேட்ஜ்' என்று பெயர். ஜூலு மணியும், ஸ்காட்லாந்துத் துணியும், ஹிமாலயத்தின் பெயரும் ஒரே சின்னத்தில் சேர்ந்துவிட்டன.

பயிற்சியாளர் என்ன செய்கிறார்?

மத்தியப் பிரதேசத்தில் பணியாற்றிய வருஷங்களில் இம்மாதிரி முகாம்களைப் பார்க்க எனக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது. அடிப்படைப் பயிற்சி, மேல்நிலைப் பயிற்சி, பிறகு மரமணிப் பயிற்சி என்று படிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு வார அளவில் நடக்கும். வருபவர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், ரயில்வே ஊழியர்கள், குமாஸ்தாக்கள். முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். வீட்டில் காபி டம்ளரைக்கூடக் கழுவாதவர்கள் இங்கே பாத்திரம் தேய்க்க வேண்டும்.

அணித் தலைவர் பொறுப்பு முறை வைத்து மாறும். இன்று ஒரு தலைமை ஆசிரியர் தலைவர் என்றால் நாளை இருபத்தைந்து வயது குமாஸ்தா தலைவர், தலைமை ஆசிரியர் தண்ணீர் பிடித்து வருபவர். காலையில் கூடாரப் பரிசோதனை, பிறகு கொடியேற்றம், பிறகு தளம் தளமாகச் சென்று கற்பது, மாலையில் சர்வ தர்மப் பிரார்த்தனை, இரவில் தீமூட்டி அதைச் சுற்றிப் பாட்டும் நாடகமும். நீண்ட சொற்பொழிவுக்கு இடமில்லை.

பையனுக்குக் கற்பிப்பதைவிடப் பெரியவருக்குக் கற்பிப்பது கடினம். பையன் 'தெரியாது சார்' என்று சொல்லிவிடுவான். பெரியவர் சொல்ல மாட்டார். தெரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு ஊருக்குப் போய்த் தப்பாகச் சொல்லிக்கொடுப்பார். அவருடைய கௌரவத்துக்குக் குறைவு வராமல் அவர் அறியாமையை வெளியே கொண்டுவந்து சரி செய்ய வேண்டும். இது பெரிய கலை.

முடிச்சுப் போடக் கற்பிப்பதை உதாரணமாகச் சொல்கிறேன். காயத்துக்குக் கட்டுப் போட 'ரீஃப்' முடிச்சு உபயோகப்படும். வலதை இடதின் மேல், பிறகு இடதை வலதின் மேல் போட வேண்டும். இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டால் அது வேறு முடிச்சாகி நழுவிவிடும். சரியாகப் போட்டால் தட்டையாக உட்காரும், உடம்பில் உறுத்தாது, அவிழ்ப்பதும் சுலபம். நான் பார்த்த ஒரு மூத்த பயிற்சியாளர் கற்றுக்கொள்பவருக்கு எதிரே நின்று கட்டிக்காட்ட மாட்டார். எதிரே நின்றால் இடது வலதாகத் தெரியும் அல்லவா? பக்கத்தில் போய், தோளோடு தோள் நின்று, மெதுவாகக் கட்டுவார். பிறகு தம் கயிற்றை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு, 'இப்போது நீங்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுங்கள்' என்று நகர்ந்துவிடுவார். கற்றவர் கற்பித்துப் பார்த்தால்தான் தாம் கற்றது நிஜமா என்று தெரியும்.

அவரைப் பார்த்தபோது எனக்குக் கல்லூரி நாட்கள் ஞாபகம் வந்தன. பி.எஸ்ஸி. வகுப்பில் விரிவுரையாற்றிய பேராசிரியர்களின் பெயர்களெல்லாம் நினைவிருக்கின்றன. ஆனால் பியூரெட்டில் திரவ மட்டத்தைப் பார்க்கும்போது கண்ணை அந்த உயரத்துக்கே கொண்டுபோய் வளைவின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று காட்டிய டெமான்ஸ்ட்ரேட்டரின் பெயர் நினைவில்லை. விரிவுரைகளில் பாதி மறந்துவிட்டது. பியூரெட் பார்ப்பது மறக்கவில்லை.

முகாம் முடிந்ததோடு பயிற்சியாளரின் வேலை தீர்ந்துவிடுவதில்லை. பயிற்சி பெற்றவர் தம் சொந்தக் குழுவில் கற்றதைச் செய்து காட்ட வேண்டும். பயிற்சியாளர் அந்தக் குழுவை நேரில் பார்த்தோ, கடிதம் எழுதி விசாரித்தோ திருப்தியடைந்த பிறகே மணிகள் கிடைக்கும். அதற்காகச் சொந்த லீவைப் போட்டு, இரண்டாம் வகுப்பில் பயணம் செய்து, சில சமயம் கைக்காசையும் செலவழித்துப் போனவர்களை நான் அறிவேன்.

இல்லாவிட்டால் என்ன நஷ்டம்?

நான் சில காலம் இருந்த ஒரு தொழில் நகரியத்துப் பள்ளியில் சாரணர் குழு ஒன்று இருந்தது. ஒரு ஆசிரியரைக் கூப்பிட்டு, 'இன்றிலிருந்து நீங்கள்தான் ஸ்கவுட் மாஸ்டர்' என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். பயிற்சிக்கு அனுப்பவில்லை. அவரும் பாவம், என்ன செய்வார்? சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டு நாளும் பையன்களுக்கு உடை மாட்டி வெயிலில் நிறுத்தினார். பிரமுகர் வந்தால் வரவேற்பு வரிசைக்கு நிறுத்தினார். இரண்டு வருஷத்தில் முப்பது பையன்கள் எட்டுப் பேராகக் குறைந்தார்கள்.

பிறகு ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பயிற்சியாளர் அந்த ஊருக்குக் குடிவந்தார். பிள்ளைகளை அவர் தொடவே இல்லை. அந்த ஆசிரியரையும் அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு சனி, ஞாயிறுகளில் நதிக்கரைக்கு அழைத்துப் போனார். அவருடைய சிபாரிசில் அந்த ஆசிரியர் முறையான பயிற்சிக்கும் போய்வந்தார். அடுத்த வருஷம் பையன்கள் தாங்களே வந்து பெயர் கொடுத்தார்கள். பள்ளி ஆண்டு விழாவில் பையன்களுக்குப் பதக்கம், ஆசிரியருக்குச் சால்வை. அந்த முதியவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். மேடையில் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. சற்றுக் கடுமையானது என்றாலும் சொல்லவேண்டியது. பிறர் வீட்டுக் குழந்தைகளை ஆற்றங்கரைக்கும் காட்டுக்கும் அழைத்துச் செல்லும் பொறுப்பைத் தொண்டர்களிடம் ஒப்படைக்கிறோம். நல்ல மனசு மட்டும் இருந்தால் போதாது. ஆற்றில் இறங்குமுன் ஆழம் பார்ப்பது, தீயை அணைத்து விட்டோமா என்று கையை வைத்துப் பார்ப்பது முதல், குழந்தைகளிடம் பெரியவர்கள் எந்த எல்லைக்குள் பழக வேண்டும் என்பது வரை தெரிந்திருக்க வேண்டும். 2002ல் கிரேக்க நாட்டின் தெசலோனிகியில் நடந்த உலகச் சாரணர் மாநாடு, குழந்தைகளை எல்லாவிதத் தீங்கிலிருந்தும் காப்பது இயக்கத்தின் கடமை என்று கொள்கையாகவே ஏற்றது. கொள்கையைத் தீர்மானம் போட்டு அனுப்பிவிடலாம். அதைக் குக்கிராமத்துப் பள்ளி ஆசிரியரின் மனசில் பதியவைப்பவர் பயிற்சியாளர்தான். நம் பேரன், பேத்தி முகாமுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தால், அதில் நாம் முகம் பார்த்திராத ஒருவரின் பங்கு இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

தலைவர்களுக்கு நம் தேசத்தில் மரியாதை குறைவில்லை. 1964 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தேசிய ஆணையராக இருந்த லக்ஷ்மி மஜும்தார் அம்மையாரின் பெயரைத் தாங்கி டெல்லித் தலைமையகம் நிற்கிறது. அது நியாயமே. பயிற்சியாளர்களுக்குக் கட்டிடம் வேண்டாம். அவர்கள் கேட்கவும் மாட்டார்கள். மூன்று காரியங்களை மட்டும் நாம் செய்யலாம் என்று தோன்றுகிறது.

முதலாவது, உங்கள் வீட்டுப் பிள்ளை ராஷ்டிரபதி விருது வாங்கினால் ஸ்கவுட் மாஸ்டரைக் கூப்பிட்டு உபசரியுங்கள். கூடவே, 'உங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் யார்?' என்று கேட்டு, அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அல்லது ஃபோனில் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவர் எந்த ஊரில் இருந்தாலும் நம் அங்கத்தினர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். நேரில் போய் ஒரு வேஷ்டி, பழம் வைத்து நமஸ்காரம் சொல்லிவிட்டு வரலாம்.

இரண்டாவது, ஒவ்வோர் ஊரிலும் இப்படிப்பட்டவர்கள் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களிடம் பழைய முகாம்களின் நோட்டுப் புத்தகங்களும் ஃபோட்டோக்களும் இருக்கும். சொல்லக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அலகாபாத்திலும் சென்னையிலும் 1916, 1918ல் பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுத்த சாதாரணத் தொண்டர்களின் பெயர்களில் எத்தனை இன்று நமக்குக் கிடைக்கின்றன? அதே நஷ்டம் இன்னொரு தடவை நேர வேண்டாம்.

மூன்றாவது, நம்மில் ஓய்வு பெற்றவர்களுக்கு. ஓடியாடிப் பையன்களோடு மலையேற நம் முழங்கால் சம்மதிக்காது. ஆனால் முப்பது வருஷம் அலுவலகத்தில் ஆட்களைப் பழக்கிய அனுபவம் நம்மிடம் இருக்கிறது. சாரண இயக்கம்தான் என்றில்லை, என்.சி.சி., நாட்டு நலப்பணித் திட்டம், குழந்தைகளின் ஞாயிறு வகுப்பு என்று எதுவானாலும் அங்கே இளம் தொண்டர்களின் பக்கத்தில், எதிரே அல்ல பக்கத்தில், நின்று ஒரு முடிச்சைக் கட்டிக்காட்ட நம்மால் முடியும்.

பாரத ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் பிறந்த நாளான நவம்பர் 7 ஒவ்வொரு வருஷமும் வருகிறது. அன்று தெருவில் சிறுவர் சிறுமியர் கொடி விற்றுக்கொண்டு வருவார்கள். ஒன்றை வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்ளுங்கள். குத்திக்கொள்ளும்போது, அந்தப் பிள்ளையின் பின்னால் நிற்கும் ஆசிரியரையும், அவருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் நான்கு மணிக்காரரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.